ஊர் முன்கூட்டியே வரட்டும்

வாசகர் கேள்வி – பதில்

(நோய் முற்றியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களுள் மூன்று இங்கே இடம்பெறுகின்றன. பதில் எழுதுபவர் குன்னூரிலும் கோத்தகிரியிலும் 30 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இப்போது அத்தகைய நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்த்து வருகிறார்.)

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்துவிட்டு, கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியேறியவர். இப்போது அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோவையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் குடல் புண் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். போன வாரம் அவராகவே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எனக்கு எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லும்மா. இந்த லயத்தை விட்டு என்னை எங்கேயும் கொண்டுபோகாதே. போவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்” என்றார். திருப்பூரில் இருக்கும் என் அண்ணனோ, உண்மையைச் சொன்னால் அப்பா மனம் ஒடிந்து நாளைக்கே போய்விடுவார், மறுபடியும் பெரிய மருத்துவமனையில் சேர்ப்போம், இல்லாவிட்டால் நாலு பேர் நம்மைப் பேசுவார்கள் என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது? உயிரோடு இருப்பவருக்காக ஊரைக் கூப்பிடுவது அபசகுனம் ஆகாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: சகோதரி, உங்கள் அப்பாவுக்குத் தெரியும். சோறு இறங்காமல் போய், கஞ்சி இறங்காமல் போய், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்ட ஒரு மனிதருக்கு, தம் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. என் 30 ஆண்டுப் பணியில், தமக்குச் சாவு நெருங்குகிறது என்று கடைசி வரை அறியாமலே போனவர்களை மிகச் சிலராகத்தான் பார்த்திருக்கிறேன். தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அப்பாவுக்காக மறைக்கிறார்கள், அப்பா பிள்ளைகளுக்காக மறைக்கிறார், ஒரே அறையில் எல்லாரும் இருந்தும் அவர் தனியாகவே கிடக்கிறார். உங்கள் அப்பா அந்தத் தனிமையை உடைத்துக்கொண்டு தாமாகவே வாய் திறந்து கேட்டுவிட்டார். அவருக்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். நாள் கணக்கைச் சொல்ல வேண்டாம். அது மருத்துவர்களுக்கே பெரும்பாலும் தப்பிப் போகிற கணக்கு. முதலில், “உங்களுக்கு என்னப்பா தோன்றுகிறது?” என்று நீங்கள் கேளுங்கள். அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மை இருக்கும். “ஆமாம் அப்பா, இது புற்றுநோய்தான், குணமாக்கும் மருந்து இனிமேல் இல்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள மருந்து இருக்கிறது, நான் உங்கள் பக்கத்திலேயே இருப்பேன்” என்ற அளவில் சொல்லிவிட்டுப் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். அவர் அழலாம், அழட்டும். கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உண்மையைக் கேட்ட அதிர்ச்சியில் மறுநாளே இறந்தவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். தொலைவில் இருக்கும் மகனுக்குக் குற்ற உணர்ச்சி அதிகம். பணம் கட்டிச் சேர்ப்பது ஒன்றுதான் தன்னால் செய்ய முடிந்தது என்று அவர் நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் அம்மா சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்தபோது, செவிலியரான நானே அவரைச் சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஐந்து நாள், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி. தொண்டையில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. கையசைத்து எதையோ கேட்டார், எனக்குப் புரியவில்லை, நேரம் முடிந்ததென்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அது என்ன என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மருத்துவமனை தன் விதிப்படி நடந்தது. அங்கே அவரைக் கொண்டுபோன தவறு என்னுடையது. உங்கள் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு, மூன்று இரவுகள் விடுப்பெடுத்து வந்து அப்பாவின் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா நள்ளிரவில் தண்ணீர் கேட்கும்போது கொடுக்கிற கை அவருடையதாக இருந்தால், சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சின் போக்கே மாறும்.

“செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொன்னார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், முதலில் செவிலியராகவும் பிறகு சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவமும் படித்து, 1967இல் இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்காகவே ஓர் இல்லத்தைத் தொடங்கினார். உடல்வலியோடு மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, இத்தனை நாள் வாழ்ந்ததற்கு என்ன பொருள் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்த முழு வலியாகத்தான் நோயாளி அதை அனுபவிக்கிறார் என்று அவர் சொன்னதன் மேல்தான் இன்றைய வலிதணிப்புச் சிகிச்சை, அதாவது மருத்துவமனைகளில் பேலியேட்டிவ் கேர் என்று சொல்கிறார்களே அது, எழுந்து நிற்கிறது. நம் கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் வரும் மலப்புறம் மாவட்டத்தில், மருத்துவர் வரும் வரை காத்திராமல் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கித் தம் தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய அந்த வேலை இன்று கேரளம் முழுதும் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு வந்து வலிதணிப்புப் பராமரிப்பு தருவதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வலி கடுமையாகும்போது மார்ஃபின் தேவைப்படும். அந்தப் பெயரைக் கேட்டதும் பயப்படுகிறவர்களுக்காக இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் ஒருவரைப் போதைக்கு அடிமையாக்குவது மிக அரிது. சரியான அளவில் கொடுத்தால் சாவை விரைவுபடுத்துவதும் இல்லை. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, வலி தலைதூக்கும் முன்பே குறித்த நேரத்தில், சாதாரண வகையாக இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கொடுக்க வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் விடாது; ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மூச்சுத்திணறலுக்கும் இதே மருந்து சிறு அளவில் உதவும். போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் முன்பு இது கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு மாத்திரை விழுங்க முடியாமல் போகும் நாள் வரும் என்பதால், அப்போது எந்த வடிவில் தருவது என்று இப்போதே கேட்டு வையுங்கள். நம் மலையில் இன்னொன்றும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனம். மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் மருந்து ஏறி வராது. எப்போதும் பத்து நாளைக்கான மருந்து கையிருப்பில் இருக்கட்டும். குளிருக்காகக் கரியடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அந்தப் புகையில்லாத நச்சுக்காற்று நோயாளியோடு துணைக்குப் படுத்திருப்பவரையும் கொண்டுபோய்விடும். மெல்லிய கம்பளி இரண்டு, காலுறை, தலைக்குக் குல்லா போதும்.

இனி நீங்கள் கேட்ட அபசகுனத்துக்கு வருகிறேன். உங்கள் லயத்தில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாவுக்கு அடிக்கும் தப்புமேளத்தின் சத்தம் கேட்ட மாத்திரத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையை இறக்கிவிட்டு வருகிறார்கள். யாரும் சொல்லாமலே ஒருவர் பந்தல் கால் நடுகிறார், ஒருவர் விறகு கொண்டுவருகிறார், அடுத்த லயத்தில் தேநீர் கொதிக்கிறது, வீட்டுக்கு ஒரு தொகை பிரித்து ஒரு கை கணக்கெழுதுகிறது, கடன்பட்டிருந்த பகைக்காரர்கூடக் கடைசிக்கு வந்து நிற்கிறார். இவ்வளவு அன்பும் வருகிறது. ஆனால் யாருக்காக வருகிறதோ அவர் அதைப் பார்ப்பதில்லை. அவரைப் பற்றி ஒப்பாரியில் சொல்லும் நல்ல சொற்களில் ஒன்றையாவது அவர் காதால் கேட்டிருப்பாரா? உங்கள் அப்பா கேட்பது இதைத்தான்: அந்தக் கூட்டம் சில வாரம் முன்னதாக, தம் கண் திறந்திருக்கும்போது வர வேண்டும்.

நம் மலையின் பழைய வழக்கங்களும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவருக்கு வீரராய பணம் என்னும் சின்னஞ்சிறு பொற்காசை நெய்யில் தோய்த்து வாயில் இடும் வழக்கம் இருந்தது. போகிற வழிக்கு அது செலவுப் பணம். கவனியுங்கள், அதை இறந்த பிறகு வைப்பதில்லை, நினைவிருக்கும்போதே, உற்றார் சூழ்ந்திருக்கக் கொடுப்பார்கள். போகப்போகிறீர்கள் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு இதைவிடக் கனிவான வழி எனக்குத் தெரியவில்லை. இறந்த பின் நடக்கும் கரு ஹரசும் சடங்கில், ஒரு பெரியவர் இறந்தவரும் அவர் முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூடியிருப்போர் அது பாவம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். எல்லாப் பாவமும் நீங்கட்டும் என்று வேண்டி அவரை அனுப்பிவைப்பார்கள். ஒரு மனிதனின் குறைகளை ஊரே சேர்ந்து சொல்லி ஊரே சேர்ந்து தீர்த்து வைக்கிறது. மனத்தில் பாரத்தோடு படுத்திருக்கும் எத்தனையோ பேரிடம் இதைப் பற்றி நான் பேசியிருக்கிறேன். எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் அவர்கள் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே கூப்பிடுங்கள். ஒரேயடியாகக் கூட்டம் சேர்க்க வேண்டாம். அவருக்கு மூச்சு வாங்கும். நோவு குறைந்திருக்கும் நேரம் பார்த்து இரண்டிரண்டு பேராக வரட்டும். யார் எப்போது வருவது என்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்கள் ஏற்காதீர்கள். அடுத்த வீட்டு அக்காவிடமோ அப்பாவோடு வேலை செய்த ஒருவரிடமோ விட்டுவிடுங்கள். வருகிறவர்களிடம், “ஒன்றும் ஆகாது, எழுந்து நடப்பீர்கள்” என்று சொல்ல வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பட்டும். “கொழுந்து நிறுவையில் எனக்காகச் சண்டை போட்டீர்களே, மறக்கவில்லை” என்பது போல், அவரிடம் பெற்றதை ஒருவர் சொன்னால் அதற்கு மேல் எந்த ஆறுதலும் வேண்டியதில்லை. வந்தவர் கையில் ஒரு வேலையும் கொடுங்கள்: ஒருவர் துணி துவைக்கட்டும், ஒருவர் இரவு பத்திலிருந்து இரண்டு வரை விழித்திருக்கட்டும், ஒருவர் மருந்து வாங்கிவரட்டும். இலங்கையில் உறவுகள் இருந்தால் கைபேசியில் முகம் பார்த்துப் பேசவையுங்கள். கப்பலேறிய நாளில் கரையில் விட்டுவந்தவர்களை ஐம்பது ஆண்டுகளாக மனத்தில் சுமப்பவர்களை நான் அறிவேன். அவரே மன்னிப்புக் கேட்க விரும்பும் ஆள் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி நாள்களில் அவர் பெரும்பாலும் தூங்குவார். கைகால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாக ஏறி, நின்று, மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் பெரும் வேதனை, அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு நினைவிழந்து கிடந்த சிலரது மூளையும்கூட ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது பதிவாகியிருக்கிறது. உயிர் பிரிந்ததும் பதறி வண்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவந்த மருத்துவரிடம் சான்று பெற்று, 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்தால் போதும். அதற்கு முன் வேண்டிய மட்டும் அவரோடு உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: பாட்டி படுத்து இரண்டு மாதமாகிறது. நான்கு நாளாக எதுவும் சாப்பிட மறுக்கிறார். வாயை மூடிக்கொள்கிறார். பட்டினி போட்டுக் கொல்லாதீர்கள் என்று அத்தை அழுகிறார். எங்கள் வழக்கப்படி எல்லாரும் வந்து பால் ஊற்ற வேண்டும் என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஊற்றினால் புரையேறாதா?

– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பாட்டி சாப்பிடாததால் சாகப்போவதில்லை; உடம்பு ஓய்ந்துகொண்டிருப்பதால் சாப்பாடு கேட்கவில்லை. இந்த நிலையில் குடல் ஏற்காது, பசியும் பெரும்பாலும் இராது. வற்புறுத்தி ஊட்டுவது நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைக்கும். குளுகோஸ் ஏற்றினாலும் அந்த நீர் காலிலும் நெஞ்சிலும் கட்டிக்கொண்டு மூச்சைச் சிரமப்படுத்தக்கூடும். அத்தை சொல்வது அன்பினால் சொல்வது. வாழ்நாள் முழுதும் ஊட்டி வளர்த்த கைக்குச் சோறு கொடுக்காமல் இருப்பதென்றால் எப்படியிருக்கும்? அதனால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். சுத்தமான பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கொரு முறை வாயின் உட்புறத்தைத் துடைக்கட்டும். உதட்டில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவட்டும். இரண்டு மணிக்கொரு முறை இரண்டு பேர் சேர்ந்து பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகையும் இடுப்பையும் பார்த்து, படுக்கைப்புண் வராமல் காக்கட்டும்.

பால் ஊற்றும் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது விடைகொடுக்கும் சடங்கு. பேரனும் பேத்தியும் சம்பந்தியும் பகைத்துப் போன தம்பியும் வரிசையில் வந்து அவர் வாய்க்கருகே குனிகிற நேரம் அது. கரண்டியால் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான். தலையைச் சற்று உயர்த்தி ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒவ்வொருவரும் பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டில் ஒற்றட்டும். யார் வந்திருக்கிறார் என்று பெயரைச் சொல்லி ஒற்றட்டும். நான் போன ஒரு வீட்டில் பதினேழு பேர் இப்படிச் செய்தார்கள். கடைசியாக வந்த கொள்ளுப்பேத்தியின் பெயரைச் சொன்னபோது, இரண்டு நாளாக அசையாதிருந்த அந்த அம்மாவின் உதடு பஞ்சைப் பற்றி உறிஞ்சியது.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். வயது 69. திருமணம் செய்துகொள்ளவில்லை. உதகையில் தனியாக வசிக்கிறேன். இதய நோய் இருக்கிறது. சாவுக்கு நான் அஞ்சவில்லை. நினைவில்லாமல் கிடக்கும்போது சென்னையிலிருக்கும் அக்காள் மகன் என்னை இயந்திரங்களில் மாட்டிவிடுவானோ என்றும், யாருமில்லாமல் இறந்து இரண்டு நாள் கழித்துப் பால்காரர் கண்டுபிடிப்பாரோ என்றும் அஞ்சுகிறேன். உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விட்ட, அதாவது வடக்கிருந்த, கோப்பெருஞ்சோழனைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். உணவை நிறுத்தி நாமே புறப்பட்டுவிடுவது அவ்வளவு தவறா?

– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். காந்தியின் சீடர் வினோபா பாவே 1982 நவம்பரில் மாரடைப்புக்குப் பிறகு உணவையும் மருந்தையும் மறுத்து, அம்மாதம் 15ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பவுனாரில் தம் ஆசிரமத்தார் சூழ உயிர் துறந்தார். சமணர் சாகும் வரை உண்ணாதிருக்கும் சந்தாரா நோன்பைக் குற்றமென்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2015இல் சொல்ல, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நாட்டுக்கே இதில் ஒரு முடிவு கிடைத்துவிடவில்லை. என் கருத்தைக் கேட்டால், நீங்கள் வினோபாவின் நிலையில் இல்லை. நோயை மருந்தால் அடக்கி, நடந்து, கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கேட்பது வாழ்ந்து முடித்த நிறைவைவிட, தனியாகிவிடுவோமோ என்ற நடுக்கம். அந்த நடுக்கத்துக்கு மருந்து பட்டினி ஆகாது. இரவில் இந்த எண்ணம் கனத்து வந்தால் தயவுசெய்து மருத்துவரிடம் அதையே சொல்லுங்கள். நெஞ்சுவலியைச் சொல்வது போலவே சொல்லலாம். முதியோருக்கான 14567 என்ற எண்ணிலும் பேசலாம்.

முதல் அச்சத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. குணமாக வாய்ப்பில்லாத நிலையில் உயிரை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. அப்போது நீதித்துறை நடுவரின் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்ததால் எழுதியவர்கள் மிகக் குறைவு. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். லிவிங் வில் என்று கேட்டால் வழக்கறிஞர்களுக்குத் தெரியும். உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் முடிவு சொல்லும் காப்பாளராக ஒருவருக்கு மேற்பட்டவரைக் குறிப்பிடலாம். அக்காள் மகனோடு, கூப்பிட்டால் அரைமணியில் வந்து நிற்கக்கூடிய பழைய மாணவி ஒருவரையும் எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்களிடமும், ஒன்றை உங்கள் மருத்துவரிடமும், ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுங்கள். உரிய நேரம் வரும்போது மருத்துவமனையில் அமைக்கும் முதல் குழுவும் இரண்டாம் குழுவும் அதைப் பார்த்து முடிவெடுக்கும். மனம் மாறினால் எந்த நாளும் திரும்பப் பெறலாம். காகிதத்தைவிட முக்கியமானது, அக்காள் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் வாயால் சொல்வது. எழுதியிருந்தும் பிள்ளைகள் மனம் துணியாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் காதில் உங்கள் குரல் இருக்க வேண்டும்.

இரண்டாவது அச்சத்துக்கு, நீங்கள் பாடம் நடத்திய சோழனிடமே திரும்புகிறேன். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை நாம் சாவின் கதையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு அது துணையின் கதையாகவே படுகிறது. முகமே பார்த்திராத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான்; அவரும் வந்து உட்கார்ந்தார். கூடவே உட்கார வந்த பொத்தியாரையோ, மனைவிக்குக் குழந்தை பிறந்த பின் வா என்று திருப்பி அனுப்பினான். சாகப்போகிறவனுக்கு இருந்த அக்கறையைப் பாருங்கள்: யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யாருக்கு இன்னும் வீட்டில் வேலை இருக்கிறது என்பதெல்லாம் அவன் நினைவில் இருந்தது.

நீங்களும் அப்படி ஐந்தாறு பெயர்களை எழுதுங்கள். எதிர்வீட்டார், பால்காரர், மாணவியர் இருவர், நீங்கள் போகும் கோயிலிலோ நூலகத்திலோ பழகிய ஒருவர். அவர்களை ஒரு மாலை தேநீருக்கு அழைத்து, நெஞ்சில் இருப்பதைச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். காலை ஏழு மணிக்குள் உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வராவிட்டால் யார் வந்து கதவைத் தட்டுவது என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். மருந்துச் சீட்டு, லிவிங் வில், எரிப்பதா புதைப்பதா, எந்தப் பாட்டு, யாருக்குப் புத்தகங்கள் என்பதெல்லாம் ஒரே கோப்பில், அலமாரியில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். இதைக் கேட்க அவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். அரைமணி கழித்து ஒவ்வொருவரும் தங்கள் அம்மா எப்படிப் போனார், அப்பா எப்படிப் போனார் என்று சொல்லத் தொடங்குவார்கள். இதுவரை நான் உட்கார்ந்த எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்களுக்கு உடம்பு இடம் கொடுக்கும் வரை, வாரத்தில் ஒரு நாள் என்னோடு வாருங்கள். படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் இருக்கிறார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாடல்களைப் படித்துக் காட்டினால் போதும், வலி மறந்து கேட்பார். அவருக்கு என் குரல் அலுத்துவிட்டது.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நோட்டரியிடம் போய் வந்துவிடுங்கள். இரண்டாவது சாட்சிக்கு ஆள் அமையாவிட்டால் இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்; நான் வந்து கையெழுத்திடுகிறேன்.